ஐந்து வண்டிப் பண்ணையா, நூறு வண்டி வளாகமா?

"கேரவன் வாங்கியாச்சு, முதல் ட்ரிப் எங்கே போகலாம்?" என்று யாராவது போன் செய்தால், ஊர்ப் பெயர் சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். டாய்லெட் தொட்டி எத்தனை லிட்டர்? கூட வருகிறவர்கள் எத்தனை பேர்? கேட்டவருக்குச் சப்பென்று போய்விடும். அவர் ஏரிக்கரையில் காபி குடிக்கிற கனவில் இருப்பார். நான் கக்கூஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆனால் சின்னப் பண்ணையில் நிறுத்துவதா, பெரிய வளாகத்தில் நிறுத்துவதா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. காட்சி எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நான் சொல்வது சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காருகிற கேரவன் இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற, எஞ்சின் இல்லாத குட்டி வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குளியலறை. பிரிட்டனில் இது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம். 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்கிற முன்னாள் கடற்படை மருத்துவர் பிரிஸ்டலில் ஒரு வண்டி செய்யச் சொல்லி, 'வாண்டரர்' என்று பெயர் வைத்து, இரண்டு குதிரை பூட்டி ஸ்காட்லாந்து வரை போனார். கேரவன் கிளப் 1907-இல் தொடங்கியது. இப்போது அதன் பெயர் கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப். அதற்கும் முன்னால், 1901-இல், சைக்கிளில் கூடாரம் கட்டிப் போனவர்கள் தொடங்கிய சங்கம்தான் இன்றைய கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்.

நம்மவர்களிடம் இந்த ஆசை வந்தது சமீபத்தில்தான். கொரோனாவில் விமானம் நின்றது ஒரு காரணம். 2021 டிசம்பரில் சட்டம் மாறி, சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று ஆனது இன்னொரு காரணம். அதற்கு முன்னால் பெரிய வண்டி இழுக்க நம்மில் பலர் தனியாக ஒரு டிரைவிங் டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது.

சரி, எங்கே நிறுத்துவது? இங்கே ஒரு நிலத்தில் கேரவன் நிறுத்த விட வேண்டும் என்றால் பொதுவாகத் திட்ட அனுமதி வேண்டும், கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். 1960-இல் வந்த கேரவன் தளச் சட்டம் அப்படி. ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். விலக்குப் பெற்ற கிளப்புகள் ஒரு சின்ன நிலத்துக்குத் தாங்களே சான்று கொடுக்கலாம். அதில் ஒரே நேரத்தில் ஐந்து கேரவனுக்கு மேல் நிற்கக் கூடாது. இந்தச் சந்து வழியாகத்தான் நாடு முழுக்க விவசாயிகள் தங்கள் வயலில் ஒரு மூலையைக் கேரவன்காரர்களுக்கு விடுகிறார்கள். கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப் சான்று கொடுத்தால் அது 'சி.எல்.', இன்னொரு கிளப் கொடுத்தால் 'சி.எஸ்.'. பேச்சில் எல்லாமே 'அஞ்சு வண்டி சைட்'தான். சி.எல்.-இல் தங்க கிளப் உறுப்பினராக இருக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

மறுபக்கம் பெரியவை. கிளப்புகளே நடத்தும் வளாகங்கள், தனியார் வளாகங்கள், அப்புறம் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், சாயங்கால ஆட்டம் பாட்டத்தோடு ஹேவன், பார்க்டீன் மாதிரியான ஹாலிடே பார்க்குகள். கடைசி வகையில் நிரந்தரமாக நிற்கிற கேரவன்கள்தான் வரிசை வரிசையாக இருக்கும். அது தனி உலகம். பிள்ளைகளுக்குச் சொர்க்கம், எனக்குத் தலைவலி. அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இப்போது கக்கூஸுக்கு வருவோம்.

கேரவன் டாய்லெட்டுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும், கேசட் என்பார்கள். கொள்ளளவு சுமார் 17-லிருந்து 20 லிட்டர். நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும். வெளிப்பக்கம் சின்னக் கதவைத் திறந்து பெட்டியை உருவி, கொட்டுமிடத்துக்குக் கொண்டுபோய்க் காலி செய்ய வேண்டும். இரண்டு பேர் கொண்ட ஆங்கிலேயத் தம்பதிக்கு இது மூன்று நான்கு நாள் தாங்கும் என்று வழிகாட்டிகள் எழுதுகின்றன. அவர்கள் காகிதம் உபயோகிப்பவர்கள். நாம் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். ஒரு தடவைக்கு ஒரு குவளை என்று வைத்தாலும் நாலு பேர் குடும்பத்துக்கு மறுநாளே சிவப்பு விளக்கு கண் சிமிட்டிவிடும். இந்தக் கணக்கு எந்த ஆங்கில வழிகாட்டியிலும் வராது, அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்து வண்டி சைட்டுகள் பலவற்றில் கழிப்பறை, குளியலறை கிடையாது. ஒரு தண்ணீர்க் குழாய், கேசட் கொட்ட ஓர் இடம், குப்பைத் தொட்டி. இதுதான் அடிப்படை. கொட்டுமிடம் என்பது பல பண்ணைகளில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மூடி, அதன் தலைமாட்டில் ஒரு ரப்பர் குழாய். இருபது கிலோ பெட்டியை ஈரப் புல்லில் தூக்கிக்கொண்டு போய் அந்த மூடியைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் கணவர் வேலை. நான் சமையல், அவர் கேசட் என்று ஒப்பந்தம். இன்னொன்று: பண்ணையில் கழிவு பெரும்பாலும் செப்டிக் டேங்குக்குப் போகும். கேசட்டில் நாம் ஊற்றுகிற நீல மருந்தில் பல ரகம் டேங்கில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். அதனால் சொந்தக்காரர் பச்சை மருந்து மட்டும் போடுங்கள் என்பார். போகிற வழியில் கிராமத்துக் கடையில் அது கிடைக்காது, வீட்டிலிருந்தே வாங்கிப் போய்விடுங்கள்.

பெரிய வளாகத்தில் இந்தக் கவலையே இல்லை. கேசட் கொட்டத் தனி மேடை, அலச வேறு குழாய். அதைவிட முக்கியம், சுடுதண்ணீர் வருகிற ஷவர், வெதுவெதுப்பான கழிப்பறை. அங்கேயே போய்வந்தால் கேசட் ராத்திரிக்கு மட்டும்தான்.

எங்கள் அத்தை ஆறு மாத விசாவில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தபோது அப்படி ஒரு கிளப் வளாகத்துக்குத்தான் கூட்டிப்போனோம். எழுபதைத் தாண்டியவர், மூட்டு வலி, கேரவன் குளியலறையில் திரும்பக்கூட முடியாது. வளாகத்துக் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்து, "ஏம்மா, இம்புட்டுச் சுத்தமா இருக்கே, யாரு கழுவுறா?" என்றார். மறுநாள் காலையில் அவரே கண்டுபிடித்துவிட்டார். முந்தின நாள் வரவேற்பறையில் எங்கள் பெயரைப் பதிவு செய்து, கார் முன்னால் நடந்து வந்து இடம் காட்டிய அதே வார்டன், இப்போது கையுறை போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கண்ணாடி துடைத்தார். "மேனேஜரே கழுவுறாரா!" என்று அத்தைக்கு அதிசயம். இங்கே அப்படித்தான். வார்டன் வேலைக்குப் பெரும்பாலும் கணவன் மனைவியாகவே எடுக்கிறார்கள். சீசன் முழுக்க வளாகத்திலேயே தங்கள் சொந்தக் கேரவனில் குடியிருப்பார்கள். புல் வெட்டுவதும் அவர்கள்தான், இரவில் ஃபியூஸ் போனால் வருவதும் அவர்கள்தான். அத்தை திரும்பி ஊருக்குப் போய் லண்டன் ஐயைப் பற்றிச் சொன்னாரோ இல்லையோ, இதைத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அடுத்து கரண்ட். பெரிய வளாகங்களில் பொதுவாக 16 ஆம்பியர். அதாவது ஏறக்குறைய 3,600 வாட், கெட்டிலும் ஹீட்டரும் சேர்ந்து ஓடலாம். பண்ணைகளில் 10 ஆம்பியர் இருக்கலாம், 6 ஆம்பியர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 6 ஆம்பியர் என்றால் 1,400 வாட்டுக்கும் குறைவு. வீட்டுக் கெட்டில் ஒன்றே அதை விழுங்கிவிடும். நம் 750 வாட் மிக்ஸி தனியாக ஓடினால் தாங்கும். உள்ளே ஆயிரம் வாட் ஹீட்டர் ஓடும்போது மிக்ஸியைத் திருப்பினால் அவ்வளவுதான்.

யார்க்ஷயர் டேல்ஸில் ஒரு பால் பண்ணையில் இது நடந்தது. ஏப்ரல் மாதம், குளிர், ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, தேங்காய்ச் சட்னி பாதியில் நின்றது. ஃபியூஸ் பெட்டி பால் கறக்கும் கொட்டகைக்குள். இவர் போய்ச் சொன்னபோது விவசாயி மாடுகளுக்குக் கறவை இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். "இந்த வரிசை முடியட்டும்" என்றார். முடிந்ததும் வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டு, கோபமெல்லாம் இல்லாமல், எந்த மெஷின் என்று கேட்டு மிக்ஸியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "எழுநூற்றைம்பதா? என் மரம் அறுக்கிற மெஷினே இவ்வளவுதான்." போகும்போது ஹீட்டரை அணைத்துவிட்டு அரையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் சட்னி வீட்டிலேயே அரைத்து உறைய வைத்து எடுத்துப் போகிறோம். இட்லி கேஸ் அடுப்பில் ஆகிவிடுகிறது. கேஸ் என்றதும் ஞாபகம்: குளிர்காலத்துக்குச் சிவப்பு சிலிண்டரில் வருகிற புரோப்பேன்தான் சரி. நீல சிலிண்டர் பியூட்டேன் உறைநிலை நெருங்கும்போதே ஆவியாகாமல் மக்கர் செய்யும்.

இத்தனை சொன்னபிறகும் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஐந்து வண்டி பக்கம்தான். காரணம் அந்த விவசாயி.

பெரிய வளாகத்தில் நீங்கள் வாங்குவது உத்தரவாதம். கார்ன்வாலுக்குப் போனாலும் நார்தம்பர்லாந்துக்குப் போனாலும் அதே சரளைக் கல் தரை, அதே வெள்ளை முளைக்குச்சி, அதே ஷவர் பொத்தான். வண்டிக்கும் வண்டிக்கும் ஆறு மீட்டர் இடைவெளி, தீ பரவாமலிருக்க. சாலையில் மனிதன் நடக்கிற வேகம்தான் அனுமதி. எல்லாம் சரி, ஆனால் காலையில் கதவைத் திறந்தால் எந்த மாவட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. பண்ணையில் அப்படி ஏமாற முடியாது. சுவரே சொல்லிவிடும்: டேல்ஸ் என்றால் சாந்து வைக்காமல் அடுக்கிய கல் சுவர், டெவன் என்றால் காரை மறைக்கிற மண் வரப்பும் வேலியும். ஏப்ரலில் ஆடுகள் குட்டி போட்டிருக்கும். என் சின்னவளுக்கு ஆடு குட்டி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது பள்ளியில் இல்லை, அங்கேதான். வாசலில் ஒரு டப்பாவில் முட்டை இருக்கும், காசை அதிலேயே போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் சின்ன இடம் என்பது ஒரே ஒரு மனிதரின் சுபாவம். அது நல்லதாக அமைந்தால் சொர்க்கம், அமையாவிட்டால் மூன்று ராத்திரியும் அவரோடுதான். ஓர் இடத்தில் குழாயடியிலிருந்து கேட் வரை பிளாஸ்டிக் உறை போட்ட அறிவிப்புகள்: இங்கே பாத்திரம் கழுவாதே, அங்கே பந்து விளையாடாதே, துணி காயப் போடாதே. என் மீன் வறுவல் வாசனை பிடிக்கவில்லை என்று சொல்லாமல் சொன்ன சொந்தக்காரரும் உண்டு. காற்று அவர் ஜன்னல் பக்கம் அடிக்கிறதாம். பெரிய வளாகத்தில் நூறு வண்டிக்கு நடுவில் வறுத்தால் யாரும் மூக்கைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒதுக்குப்புறமான மலைப் பண்ணைக்குள் நம் நிறத்தில் ஒரு குடும்பம் இறங்கும்போது நாலு தலை திரும்பும், அதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் அது அரைமணி நேரத்தில் "டீ போடட்டுமா?" என்று முடிந்துவிடும். ஐந்தே வண்டி என்பதால் யாரும் யாரிடமும் பேசாமல் இருக்க முடியாது. அது பிடிக்காதவர்கள் பெரிய வளாகத்துக்குப் போவதே நல்லது, அங்கே நீங்கள் விரும்பினால் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வாரம் ஓட்டலாம்.

பிள்ளைகள் இருப்பவர்கள் கவனியுங்கள்: சின்ன சைட்டுகளில் கணிசமானவை பெரியவர்களுக்கு மட்டும். பட்டியலிலேயே எழுதியிருக்கும், படத்தைப் பார்த்து மயங்கிப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போகிற நம் வழக்கத்துக்கும் சின்ன இடம் சரிப்படாது. மொத்த சைட்டையும் நாமே எடுத்துக்கொள்ள முடிந்தால் சரி, அதற்கும் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தாக்ஷரி பாடுவதென்றால் இரண்டுமே வேண்டாம், ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள்.

வழியும் ஒரு விஷயம். பண்ணைக்குப் போகிற கடைசி இரண்டு மைல் பெரும்பாலும் ஒற்றை வண்டிப் பாதை. எதிரே டிராக்டர் வந்தால் யாரோ ஒருவர் பின்னால் போயாக வேண்டும், கேரவன் மாட்டிய வண்டியைப் பின்னால் தள்ளுவது ஒரு தனி வித்தை. கிராமப்புறத்தில் ஒரே போஸ்ட்கோடு பல பண்ணைகளுக்குப் பொதுவாக இருக்கும் என்பதால் சாட்நாவ் வேறு யாருடைய முற்றத்திலோ கொண்டுபோய் விடும். சொந்தக்காரர் அனுப்புகிற வழிக்குறிப்பை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போனில் சிக்னல் இருக்காது. மழை பெய்த புல் தரையில் சக்கரம் புதைந்தால் இழுத்துவிட டிராக்டர் இருக்கிறது என்பது பண்ணையின் வசதி. ஆனால் நவம்பரில் அந்த வசதியைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பெரிய இடத்தை நான் யோசிக்காமல் எடுப்பது இப்படிப்பட்ட சமயங்களில்: புது வண்டியின் முதல் பயணம், குளிர்காலம், வயதானவர் கூட வருவது, அப்புறம் நகரம் பார்க்கப் போவது. கடைசியில் சொன்னதற்குப் பண்ணையால் போட்டியே போட முடியாது. லண்டன் பார்க்க அபி வுட்டில் கிளப்புக்கு ஒரு வளாகம் இருக்கிறது. 2022 மே மாதம் எலிசபெத் லைன் வந்த பிறகு அங்கிருந்து ரயில் நேராக நகரத்தின் நடுவுக்கே போகிறது. யார்க்கில் ரவுன்ட்ரீ பார்க் வளாகத்திலிருந்து ஊஸ் ஆற்றங்கரையோரம் நடந்தே ஊருக்குள் போய்விடலாம். லண்டனில் ஓட்டல் அறைக்குக் கொடுக்கிற காசை நினைத்தால் அபி வுட் வளாகத்து வாடகை ஒன்றுமே இல்லை.

காசு என்றால், சின்ன இடம் பெரும்பாலும் பாதி விலை. ஆனால் கரண்ட், ஷவர், சரளைத் தரை என்று பண்ணைகளும் வசதி சேர்த்துக்கொண்டே வருகின்றன, விலையும் கூடவே ஏறுகிறது. எல்லா வசதியும் உள்ள சி.எல். ஒன்றுக்கும் சீசன் இல்லாத நாளில் ஒரு கிளப் வளாகத்துக்கும் வித்தியாசம் சில பவுண்டுதான். அந்த நிலையில் நான் பண்ணையை எடுக்க மாட்டேன். ஷவர் வேண்டுமென்றால் அதை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவர்களிடமே போகலாம். பண்ணையில் எனக்கு வேண்டியது குழாய், கொட்டுமிடம், வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு.

புதிதாக வாங்கியவர்களுக்கு நான் சொல்வது: முதலில் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய வளாகம், இரண்டு ராத்திரி. தண்ணீர்ப் பீப்பாய் எவ்வளவு நேரத்தில் காலியாகிறது, கேசட் எப்போது நிரம்புகிறது என்று அங்கே கணக்கெடுத்துவிடுங்கள். அந்தப் பீப்பாய் பெரும்பாலும் 40 லிட்டர், தரையில் உருட்டிப் போகலாம். நம் குடும்பங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதாது. அந்தக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த முறை பண்ணைக்குப் பயமில்லாமல் போகலாம்.

பெரிய வளாகத்துக்கு இணையத்தில் பதிவு செய்துவிடலாம். பண்ணைக்குப் பெரும்பாலும் போன்தான், அதுவும் நல்லதற்கே. ஐந்து நிமிஷம் பேசினால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். எத்தனை ஆம்பியர், தரை புல்லா சரளையா, எந்த மருந்து, பிள்ளைகள் வரலாமா, வெளியே சமைக்கலாமா என்று ஐந்தையும் கேளுங்கள். மொத்தமே ஐந்து இடம் என்பதால் ஆகஸ்ட் வங்கி விடுமுறையெல்லாம் வசந்தத்திலேயே போய்விடும், பிந்த வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பால் கறக்கிற நேரத்தில் விவசாயி போனை எடுக்க மாட்டார்.